கம்போடியாவில் குடும்பத்தோடு: முதலில் சந்தை, அப்புறம் வீடு, கடைசியில்தான் கோயில்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் நாங்கள் ஐந்து வருடம் குடியிருந்தோம். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து எட்டுக் குடும்பங்கள் வந்து போயின. முதலில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பயணம் செய்தார்கள்: இறங்கிய மறுநாளே அங்கோர் வாட், மூன்று நாள் வெயிலில் கோயில் கோயிலாக அலைச்சல், கடைசி நாளில் "இங்கே உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கும் போய்ப் பார்க்கலாமாமே?" என்று ஒரு கேள்வி. அதற்குள் குழந்தைகள் சுருண்டிருப்பார்கள், பெரியவர்களுக்குச் சோற்று ஏக்கம் வந்திருக்கும். யார் வீட்டுக்குப் போய் எதைச் சாப்பிடுவது?

நாலாவது குடும்பத்திலிருந்து வரிசையைத் திருப்பிப் போட்டேன். சந்தையில் நாலு சொல்லும் காசு எண்ணவும் பழகிக்கொண்டு, அந்தக் கையோடு ஒரு வீட்டுக்குப் போய், கோயிலைக் கடைசிக்கு வைத்தால் பயணமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

1. மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, வெயில் தாங்கும். குழந்தைகளோடு போக இதுதான் காலம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையை நம்பி ஏப்ரல், மே என்று டிக்கெட் போட்டால் பகலில் அறையை விட்டு வெளியே வர மனம் வராது.

இரண்டு பண்டிகைகளைக் கவனியுங்கள். கெமர் (அந்த ஊர் மக்களுக்கும் மொழிக்கும் அதுதான் பெயர்) புத்தாண்டு ஏப்ரல் நடுவில், நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும். பிச்சும் பென் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தேய்பிறைப் பதினைந்து நாள், நம் மகாளய பட்சம் மாதிரியே. முன்னோருக்குச் சோற்று உருண்டை வைப்பார்கள். 'பென்' என்பதே நம் 'பிண்டம்'தான். இந்த இரண்டிலும் முக்கிய நாட்களில் நகரம் சொந்த ஊருக்குப் போய்விடும். சந்தையில் பாதிக் கடை பூட்டியிருக்கும், வண்டியில் இடம் கிடைக்காது, எந்த வீட்டிலும் விருந்தாளியைக் கவனிக்க ஆள் இருக்காது. யாராவது தங்கள் வீட்டுக்கே அழைத்தால் மட்டும் இதையெல்லாம் மறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

தொன்லே சாப் ஏரியின் வீடுகளைப் பார்க்க ஆசை இருந்தால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் நிறைய இருக்கும். ஏப்ரலில் ஏரி வற்றி, தூண்களின் மேல் வீடுகள் அந்தரத்தில் நிற்கும். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் படகு சேற்றில் தட்டும்.

2. காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம், விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கலாம். சுற்றுலா விசா 30 நாளுக்கு. குழந்தைகளோடு போகும்போது இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது நல்லது. நள்ளிரவு வரிசையில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு நிற்க வேண்டாம், அதற்காகத்தான். இணைய முகவரி 'டாட் ஜிஓவி டாட் கேஹெச்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அச்சு அசலாக அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளத்தில் ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம் கட்டிய உறவினர் எங்களிடமே உண்டு.

விசா வேறு, வருகைப் படிவம் வேறு. விமானத்தில் வருகிறவர்கள் இறங்குவதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் 'இ-அரைவல்' படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் பதிவு வேண்டும்.

தாய்லாந்திலிருந்து பேருந்தில் எல்லை தாண்டும் பழைய வழியை நம்ப வேண்டாம். 2025-இல் இரு நாட்டுக்கும் இடையே சண்டை மூண்டதிலிருந்து அந்த எல்லை நிலவரம் நிலையாக இல்லை. பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் எதன் வழியாக வந்தாலும் விமானத்திலேயே வந்து இறங்குங்கள்.

3. காசு எண்ணப் பழகுதல்

இங்கே இரண்டு பணம் ஓடுகிறது. அமெரிக்க டாலர் ஒன்று, ரியல் இன்னொன்று. ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல். டாலரில் கொடுத்தால் மீதியை ரியலில் தருவார்கள். சில்லறை டாலர் நாணயம் புழக்கத்தில் இல்லை. புதிதாக வருகிறவர்கள் கையில் கத்தை கத்தையாக நோட்டு சேர்ந்ததும் குழம்புவது இதனால்தான்.

டாலர் நோட்டு கிழிசல், கறை, பேனாக் கிறுக்கல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். ஊரில் நோட்டு மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் பெறும் மீதியையும் அப்படியே பாருங்கள்.

வந்த முதல் நாள் 20 டாலரை ரியலாக மாற்றி வீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். சந்தையில் கீரைக்கட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் ரியலில்தான் விலை சொல்வார்கள். டாலரில் பேசினால் விலை தானாக மேலே போய் உட்காரும்.

எண்களைப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். மூய், பீ, பெய், பூவன், ப்ராம் என்று ஐந்து வரைதான் பாடம். ஆறு என்பது ப்ராம்-மூய், அதாவது ஐந்தும் ஒன்றும். ஏழு ப்ராம்-பீ. பத்து டொப். ஒரு கை விரலை வைத்து எண்ணுகிற கணக்கு. 'த்லை பொன்மான்?' என்றால் என்ன விலை. 'ஒர்குன்' என்றால் நன்றி. இவ்வளவு தெரிந்தால் சந்தைக்குப் போகலாம்.

4. ஊர்களின் வரிசை

பத்து நாள் இருந்தால் புனோம் பென்னில் மூன்று நாள், மீகாங் கரையில் உள்ள கிராச்சே ஊரில் இரண்டு நாள், அங்கோர் கோயில்கள் இருக்கும் சியம் ரீப்பில் நாலு நாள், வழியில் ஒரு நாள் போய்விடும். கிராச்சேயிலிருந்து சியம் ரீப்புக்கு வேனில் ஏறக்குறைய முழுப் பகல் ஆகும். குழந்தை ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கிராச்சேயை விட்டுவிட்டு, புனோம் பென்னுக்குப் பக்கத்திலேயே ஆற்று நடுவில் இருக்கும் கோ டாச் தீவுக்கு ஒரு பகல் போய் வாருங்கள். வீட்டுக்கு அடியில் தறி போட்டு நெய்வதை அங்கே பார்க்கலாம்.

புனோம் பென்னிலிருந்து சியம் ரீப் சுமார் 315 கிலோமீட்டர், சாலையில் ஆறு மணி நேரம். சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023-இல் திறந்தது. ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. 'பக்கத்தில்தானே' என்று கிளம்பி விமானத்தை விட்டவர்கள் உண்டு.

ஊருக்குள் செயலியில் ஆட்டோ அழையுங்கள். விலை முன்பே தெரியும், பேரம் இல்லை. வந்து நிற்பது பெரும்பாலும் நம் ஊர் பஜாஜ் ஆட்டோவாகவே இருக்கும். அவர்களும் அதை இந்தியா டுக்-டுக் என்றுதான் சொல்கிறார்கள். ஆறு பேர் என்றால் மோட்டார் சைக்கிள் இழுக்கும் ரெமோர்க் வண்டி வசதி.

5. சந்தை: இரண்டு காலை ஒதுக்குங்கள்

சந்தைக்கு 'ப்சார்' என்று பெயர். முதல் காலை புனோம் பென்னின் ப்சார் த்மெய்க்குப் போங்கள். 1937-இல் கட்டிய மஞ்சள் குவிமாடக் கட்டடம். நடைபாதை அகலம், வெளிச்சம் உண்டு, பிள்ளைகள் தொலைந்தாலும் குவிமாடத்தின் நடுவில் வந்து நிற்கச் சொல்லலாம். கூட்டத்துக்கும் வாடைக்கும் பழக இது சரியான இடம். இரண்டாவது காலை ஊர்க்காரர்கள் சமையலுக்கு வாங்கும் சந்தைக்குப் போங்கள். புனோம் பென்னில் என்றால் ஆற்றங்கரைப் பக்கம் 'ப்சார் கண்டால்' என்ற சந்தை, சியம் ரீப்பில் என்றால் 'ப்சார் லூ'.

காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பத்துக்கு மேல் நல்ல காய் போய்விடும், மீன் வாடை ஏறிவிடும், கடைக்காரம்மா ஊஞ்சல்துணியில் படுத்துவிடுவார். ஒன்பது மணிக்கு விடுதியில் இட்லி கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுக் கிளம்பிய குடும்பத்துக்குக் கடைசிவரை சந்தை பிடிக்கவில்லை.

உள்ளே நுழையும் வழி முக்கியம். பழக்கடைகள் பெரும்பாலும் வெளி ஓரத்தில் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். அப்புறம் காய், கீரை, மளிகை. மீனும் இறைச்சியும் கடைசி. உயிர் மீன் தட்டில் துள்ளும், தவளையைத் தோலுரித்து அடுக்கியிருப்பார்கள், பன்றித் தலை முழுசாக இருக்கும். முதலிலேயே அந்தப் பக்கம் நுழைந்தால் சைவக்காரர்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். தரை ஈரம், வழுக்காத செருப்பு போடுங்கள்.

பிரஹோக்கை முன்பே சொல்லி வையுங்கள். மீனை உப்பில் புளிக்க வைத்த விழுது. தொட்டி தொட்டியாக வைத்திருப்பார்கள், வாடை பத்தடி முன்னால் வரும். என் மாமியாருக்கு யாரும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தவர் அரை மணி நேரம் எடுக்கவில்லை, கடைக்காரம்மா முகம் சுருங்கிவிட்டது. கருவாட்டுக் கடை மாதிரிதான் என்று நினைத்து மூக்கைப் பொத்தாமல் நடந்து பழகுங்கள். நாளைக்குப் போகப்போகிற வீட்டின் அடுக்களையிலும் அதே ஜாடி இருக்கும்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். சும்மா வேடிக்கை பார்க்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் சிணுங்குவார்கள். ஆளுக்கு 5,000 ரியல், 'குரோயுங்' அரைக்கிற சாமான்களைக் கண்டுபிடித்து வா என்று அனுப்புங்கள்: எலுமிச்சம்புல், மஞ்சள், சித்தரத்தையின் உறவான பெரிய கிழங்கு, பூண்டு, வாசமான எலுமிச்சை இலை. கெமர் சமையலில் பாதி இந்த விழுதில்தான் இருக்கிறது. கடைக்காரர்களே சிரித்துக்கொண்டு அடுத்த கடையைக் கை காட்டுவார்கள்.

பேரம் துணிக்கும் நினைவுப் பொருளுக்கும் மட்டும். 'சோ த்லை பான் தே?' (விலை குறைக்கலாமா?) என்று சிரித்துக் கேட்டால் கொஞ்சம் இறங்குவார்கள். குரலை உயர்த்தினால் இறங்க மாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காய், பழத்துக்குப் பேரம் வேண்டாம், நாலு பேர் வாங்குகிற விலையைப் பார்த்து அதையே கொடுங்கள். படம் எடுக்கும் முன் ஏதாவது வாங்குங்கள், அப்புறம் கேமராவைக் காட்டிக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் மறுத்ததில்லை.

சாப்பிடுவதென்றால், அசைவக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு அங்கேயே இருக்கிறது: மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸான நும் பான்ச்சோக், பன்றி இறைச்சி வைத்த சோறு. சைவக்காரர்களுக்கு மூங்கில் குழாயில் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்த்துச் சுட்ட 'க்ரலான்' அரிசி (பார்க்கக் குழாய்ப் புட்டின் தம்பி), வாழை இலையில் கட்டிய வாழைப்பழப் பசையரிசி, நுங்கு, பதநீர் கிடைக்கும். பனை அந்த நாட்டின் தேசிய மரம். கருப்பட்டியைக் கண்டதும் என் மாமியார் மூக்கிலிருந்த தலைப்பை எடுத்தார்.

சைவம் என்று சொல்வது மட்டும் போதாது. காய்க் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். 'ஞாம் புவஹ்' என்றால் சைவம் சாப்பிடுகிறேன். 'ஓட் டாக் தெக் த்ரெய், ஓட் டாக் பிரஹோக்' என்றால் மீன் சாறும் பிரஹோக்கும் போடாதீர்கள். இதைக் கெமர் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி விடுதியில் கேளுங்கள். உச்சரிப்பை விடச் சீட்டு நம்பகமானது.

6. போகிற வீட்டைத் தேர்ந்தெடுத்தல்

தெருவில் நடந்து போய்க் கதவைத் தட்டுவதல்ல இது. ஊர்க் குழு நடத்தும் இல்லத் தங்கல்கள் (ஹோம்ஸ்டே) இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். குழு முறை வைத்து வீடுகளுக்கு விருந்தாளியை அனுப்பும், பணத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகும். ஒரே வீடு மட்டும் சம்பாதித்து மற்றவர்கள் பொருமுவது இதில் குறைவு.

குடும்பத்தோடு முதல் தடவை என்றால் கிராச்சேக்கு எதிரே உள்ள கோ த்ரோங் தீவைச் சொல்வேன். படகில் சில நிமிடம். கார் இல்லை, தீவைச் சுற்றும் பாதை சுமார் 9 கிலோமீட்டர், பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டலாம். பம்பளிமாசுத் தோட்டங்கள் இருக்கும். தாய்லாந்து எல்லையை ஒட்டிய பந்தே ச்மாரிலும் நல்ல இல்லத் தங்கல் உண்டு, ஆனால் எல்லை அமைதியாகும் வரை குழந்தைகளோடு அந்தப் பக்கம் வேண்டாம். வடமேற்கு நாட்டுப்புறத்தில் எங்கே போனாலும் நடந்து பழகிய பாதையை விட்டு விலகக்கூடாது. பழைய கண்ணிவெடிகள் இன்னும் முழுசாக எடுத்து முடியவில்லை.

முன்பதிவின்போதே நாலு விஷயம் கேட்டு வாங்குங்கள்: தலைக்கு எவ்வளவு, சாப்பாடு தனியா, எத்தனை கொசுவலை, யாராவது ஆங்கிலம் பேசுவார்களா. சைவத்தை அங்கே போய்ச் சொல்லாதீர்கள். அதற்குள் அவர்கள் உங்களுக்காகக் கோழி அடித்திருப்பார்கள்.

அனாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம், ஏதாவது கொடுக்கலாம் என்று ஓட்டுநர்கள் அழைப்பார்கள். போகாதீர்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். விருந்தாளி வருவதால்தான் அவர்களை அங்கே வைத்திருக்கிறார்கள்.

7. வீட்டுக்குள்

வீடு தூண் மேல் நிற்கும். பகல் வாழ்க்கை முழுக்க வீட்டுக்கு அடியில்தான்: மூங்கில் கட்டில், ஊஞ்சல்துணி, தறி, கோழி, பெரிய தண்ணீர் ஜாடிகள். முதலில் உங்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். அழைக்காமல் படியேறாதீர்கள், மாடி அவர்கள் தூங்கும் இடம். ஏறும்போது செருப்பைப் படிக்குக் கீழே விடுங்கள். இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கை குவித்து வணங்குங்கள். சமவயதுக்காரர்களுக்கு மார்பு உயரம், பெரியவர்களுக்கு முகத்தருகே. வீட்டுப் பாட்டியிலிருந்து தொடங்குங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்மைப் போலவே உறவுமுறைதான்: தாத்தா 'தா', பாட்டி 'யெய்', மூத்தவர் 'போங்', அம்மாவை விட இளைய பெண் 'மிங்'. தா என்று எங்கள் மகன் கூப்பிட்டதும் அந்தத் தாத்தா அவனுக்குத் தூண்டில் கட்டிக் கொடுக்க எழுந்துவிட்டார்.

நம் ஆட்கள் தவறாமல் செய்யும் பிழை, அந்த வீட்டுக் குழந்தையின் தலையைத் தடவுவது. பாசத்தில் செய்வதுதான், ஆனால் அங்கே தலை தொடக்கூடாத இடம். கன்னத்தையும் கிள்ள வேண்டாம், சிரித்தால் போதும். இரண்டாவது பிழை, சாமி மேடைப் பக்கமோ பெரியவர் பக்கமோ கால் நீட்டி உட்காருவது. காலை மடித்து ஒரு பக்கமாக வையுங்கள்.

கையில் எதைக் கொண்டு போவது? சந்தையில் வாங்கிய பழம், சீனி, டீத்தூள். இரண்டு கையாலும் வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். உங்கள் முன்னால் பிரிக்க மாட்டார்கள், அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளுக்கு மிட்டாயும் ரூபாயும் அள்ளிக் கொடுக்காதீர்கள். என் மைத்துனர் கொடுத்தார். மறுநாள் அடுத்த தெருப் பிள்ளைகளும் கை நீட்டிக்கொண்டு நின்றன, வீட்டு அம்மா தலை குனிந்தார்.

'ஞாம் பாய் ஹாய் நவ்?' என்று கேட்பார்கள். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், நலமா என்று கேட்பதும் அதுதான். சமைக்கும்போது நீங்களும் அடுப்படியில் உட்கார்ந்து குரோயுங் இடியுங்கள். மொழி தெரியாத இரண்டு பெண்களுக்கு நடுவில் உரல் நன்றாகவே பேசும். சாப்பிடும்போது கரண்டிதான், முள்கரண்டி சோற்றைத் தள்ளுவதற்கு. நடுவிலிருக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு தடவைக்கு ஒரு கரண்டி எடுங்கள். பிடிக்காததை ஒரு வாய் சுவைத்துவிட்டு ஒதுக்கலாம், தட்டைத் தள்ளக்கூடாது. பொது இடத்திலானாலும் வீட்டிலானாலும் தண்ணீர் புட்டியிலிருந்தே குடியுங்கள். நடுவில் ஓட்டை உள்ள ஐஸ் ஆலையில் செய்தது, அது பரவாயில்லை.

குளியல் பெரும்பாலும் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றுவது. மறைவு குறைவான வீட்டில் பெண்கள் கைலி போன்ற 'சரோங்' துணியைக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள், ஒன்று சந்தையிலேயே வாங்கி வையுங்கள். இரவு ஏழரைக்கே ஊர் அடங்கிவிடும். கொசுவலைக்குள் சீக்கிரம் போய்விடுங்கள், டெங்கு அங்கே நிஜமான கவலை. விடியற்காலை நாலரைக்குச் சேவலும் கோயில் ஒலிபெருக்கியும் எழுப்பும். அதைக் குறையாகச் சொல்லி வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

8. ஏரி வீடுகள்

சியம் ரீப்பிலிருந்து கம்போங் ப்லுக், கம்போங் க்லெயாங் இரண்டும் ஏரிக்கரையில் தூண் மேல் நிற்கும் ஊர்கள். க்லெயாங் தூரம் அதிகம், கூட்டம் குறைவு, அதனாலேயே அதைச் சொல்வேன்.

படகுக்காரர் நடுவழியில் ஒரு கடையில் நிறுத்தி, 'பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுங்கள்' என்றால் மறுத்துவிடுங்கள். நாங்களும் ஒரு தடவை வாங்கிக் கொடுத்தோம். திரும்பி வரும்போது அதே மூட்டை அதே கடையில் அடுக்கியிருந்தது. வகுப்பு நடக்கும் பள்ளிக்குள் இறங்கிப் படம் எடுப்பதும் வேண்டாம்.

9. இப்போது கோயில்

அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், தொடர்ந்து போக வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனால் குழந்தைகள் தாங்குவார்கள். 12 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள். அங்கோர் வாட்டின் உச்சி அடுக்குக்கு 12 வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள். பெற்றோர் முறை வைத்து ஏறுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

பிள்ளைகளோடு நேரம் செலவழிக்க வேண்டியது பேயோன் கோயிலில். பெரிய முகங்கள் செதுக்கிய கோபுரங்களுக்கு அவசரப்பட்டு ஏறாதீர்கள். வெளிச்சுற்றின் தெற்குச் சுவரில் கிழக்குப் பாதிக்குப் போங்கள். மேலே கடற்போர் போல ஒரு படகுச் சண்டை. அதன் கீழ் வரிசையில் குந்தியிருந்து விற்கும் பெண்கள், தராசு, மீன், சேவல் சண்டை, அடுப்பில் சமைக்கிற ஆட்கள். காலை வெயில் ஏறுமுன் போனால் செதுக்கல் தெளிவாகத் தெரியும். என் மகள் அங்கே ஒரு பெண்ணைக் காட்டி, "அம்மா, இது ப்சார் லூ மிங்" என்றாள். அவளை அங்கிருந்து கிளப்ப முக்கால் மணி நேரம் ஆனது.